கெடாத் தோட்டங்களின் கேள்விச் செல்வம்

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. இவ்வைப்பு முறை பொருள் பொதிந்தது. எழுத்தறிவு வாய்க்கப் பெறாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபட்டுவிடவில்லை, செவி என்னும் வாயில் அவனுக்குத் திறந்தே இருக்கிறது என்பது வள்ளுவர் கருத்து. தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டல் ஒன்று. தனக்கு விளங்காததை வினவுதல் மற்றொன்று. ஒரு வினைச்சொல்லே இரண்டு தொழிலுக்கும் பெயராக நிற்கிறது.

மலேசியாவின் வடபகுதியிலுள்ள கெடா மாநிலத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டி அமைந்தது பாலிங் வட்டாரம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த சிறு நகரும், கூப்பாங், கோலக்கெட்டில் முதலிய சிற்றூர்களும், அவற்றைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் கொண்டது. தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கித் தென் கெடாவின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழரிற் பெரும்பாலார் ஏட்டுக் கல்வி பெறாதவர். அவர்கள் கொண்டுவந்த இலக்கியமெல்லாம் செவிவழி வந்த கதையும் பாட்டும் கூத்துமே. அத்தகைய மக்களிடையே வானொலி வந்து புகுந்த வரலாற்றை நோக்கும்போது, கேள்வியின் இரு பொருளில் எது அவர்களுக்குக் கிட்டிற்று, எது கிட்டாது போயிற்று என்பது தெளிவாகும்.

கழகங்கள் தொடங்கிய கலை

மலாயாவில் வானொலியைத் தொடங்கியது அரசன்று, ஆர்வலர் கூட்டங்களே. 1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் வானொலிப் பெட்டி ஒன்றை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பயனாக அங்கு ஒரு வானொலிக் கழகம் தோன்றியது. பின்னர்க் கோலாலம்பூரிலும் ஆர்வலர் கழகம் ஒன்று அமைந்து, பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பியது.

கெடாத் தமிழருக்கு அண்மையில் தோன்றியது பினாங்கு வானொலிக் கழகம். 1934-ஆம் ஆண்டில் அது பினாங்கின் பேராக் சாலையில் ஒரு நிலையத்தை அமைத்தது. இசட்-எச்-ஜே என்பது அந்நிலையத்தின் அழைப்புக்குறி. 49 மீட்டர்ச் சிற்றலையில் ஒலித்த அந்நிலையம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் நிகழ்ச்சி நடத்தியது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு சூன் திங்களிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே திங்களிலும் தொடங்கப் பெற்றன. அவ்விரண்டுக்கும் முன்னரே, கடல் கடந்த ஒரு துறைமுக நகரின் கழகம் தமிழை வானில் ஏற்றியது என்பது தமிழாசிரியர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

தமிழகத்திலும் தொடக்கம் இத்தகையதே. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அக்கழகம் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று ஒலிபரப்பைத் தொடங்கி, 1938 வரை நடத்திவந்தது.

இக்கழகங்களின் இயல்பு ஒன்று கருதத்தக்கது. பேசுபவரும் கேட்பவரும் ஓரூரினர். நிகழ்ச்சி நன்றாக இல்லையெனில், பேசியவரை மறுநாள் கடைத்தெருவிற் கண்டு கேட்டுவிடலாம். ஆனால் வானொலிப் பெட்டி அந்நாளில் செல்வர் வீட்டுப் பொருள். தோட்டத்து லயங்களில் மின்சாரம் இல்லை. வால்வுப் பெட்டிகளுக்கு வேண்டிய மின்கலங்களை வாங்குவதும் மின்னேற்றுவதும் பால்வெட்டுத் தொழிலாளியின் வருவாய்க்கு எட்டாதவை. தமிழ் வானில் ஏறிவிட்டது. தோட்டத்துத் தமிழனின் செவிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு நிலையம் குரல் மாறிய கதை

1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானியர் மலாயாவிற் புகுந்தனர். அத்திங்களின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் பினாங்கைக் கைவிட்டு விரைந்து வெளியேறினர். வெளியேறும்போது வானொலி நிலையத்தை அழிக்காமல் விட்டுச் சென்றனர். ஜப்பானியர் தீவைக் கைப்பற்றிய பின்னர், அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கிப் பேசி, அங்கு நிகழ்ந்த குண்டுவீச்சைக் குறித்து எள்ளி நகையாடினர். சில நாள் முன்புவரை ஒரு தரப்பின் செய்தியைச் சொன்ன கருவி, ஆளும் கை மாறியவுடன் மறுதரப்பின் செய்தியைச் சொல்லலாயிற்று. கருவிக்குத் தனக்கென ஒரு குரல் இல்லை. அதை ஆளுவோர் குரலே அதன் குரல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் வானொலிப் பெட்டிகள் பதிவு செய்யப்பட்டன. சிற்றலை கேட்க முடியாதபடி அவை மாற்றியமைக்கப்பட்டன. எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்கு உரிய குற்றமாயிற்று. கேட்டலே குற்றமான காலம் அது. அக்காலத்திலேதான், 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், ஆசாத் இந்து வானொலி தமிழிலும் பேசியது. தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்த தமிழர் பலர். அவர்களுட் பலருக்கு வானொலி என்பது விடுதலைக் குரலாக அறிமுகமாயிற்று.

நெருக்கடிக் காலத்துக் கேட்டல்

போர் முடிந்தபின் 1946-ஆம் ஆண்டு ஏப்பிரலில் ‘ரேடியோ மலாயா’ அரசுத் துறையாக உருப்பெற்றது. 1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 சூலை இறுதிவரை அது நீடித்தது. காட்டில் மறைந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் செய்தியும் சென்று சேராதபடி, சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஓரிடத்திற் குவிக்கப்பட்டன. புதுக்கிராமங்கள் எழுந்தன, தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. பல இடங்களில் இரவில் ஊரடங்கு நிலவியது. எல்லையோரமும் காடும் அடுத்துள்ள பாலிங், இத்துன்பத்தை நெடுங்காலம் பட்ட வட்டாரங்களுள் ஒன்று.

இந்தச் சூழலிலேதான் தோட்டத்துக்கு வானொலி வந்தது. லண்டன் பி.பி.சி.யிலிருந்து 1950-இல் அனுப்பப்பட்ட ஹியூ கார்லட்டன் கிரீன், அவசரகாலச் செய்தித் துறைக்குத் தலைமை ஏற்றார். பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் ஆனவர் இவரே. இக்காலத்திற் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுக் கேட்புப் பெட்டிகள் அமைக்கப்பட்டன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய தொழிலாளர், மாலையில் ஒலிபெருக்கியைச் சுற்றி அமர்ந்தனர். தமிழ்ச் செய்தி, பாட்டு, நாடகம், அறிவுரை ஆகியவை முள்வேலிக்குள் வந்தன.

இதனாற் பயன் விளையவில்லை என்று கூறுதல் நடுநிலை ஆகாது. உலகச் செய்தியைத் தம் மொழியில் நாள்தோறும் கேட்கும் வாய்ப்பு, எழுத்தறியா மக்களுக்கு அப்போதே கிடைத்தது. வட்டார வழக்குகள் பல கலந்து வழங்கிய தோட்டத்துத் தமிழுக்கு அருகில், திருந்திய பேச்சுத் தமிழ் ஒன்று நாள்தோறும் ஒலித்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வகுப்பறையிற் சொல்லித்தந்த உச்சரிப்புக்கு அது துணையாக நின்றது. எனினும் அஃது ஒருவழிப் பாதை. வேலிக்குள் இருந்தவர் கேட்கலாம். அவர் வினவுவதற்கு அப்பெட்டியில் வாய் அமைக்கப்படவில்லை.

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் பாலிங் நகரின் அரசினர் ஆங்கிலப் பள்ளியில் நடைபெற்ற பேச்சுவார்த்தை உலகப் புகழ் பெற்றது. துங்கு அப்துல் ரகுமான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், டான் செங் லாக் ஆகியோர் ஒரு பக்கம். சின் பெங், சென் தியென், ரஷீத் மைடின் ஆகியோர் மறுபக்கம். பேச்சு முறிந்தது, போர் தொடர்ந்தது. ஆயினும் அவ்விரு நாள்களில் பாலிங் என்னும் பெயர் உலகச் செய்திகளில் ஒலித்தது. 1974-ஆம் ஆண்டு நவம்பரில் ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய சிறுதோட்டக்காரர் பாலிங்கில் ஆயிரக்கணக்கிற் கூடி முறையிட்டபோது, அப்பெயர் மீண்டும் செய்தியாயிற்று. இரு முறையும் பாலிங்கைப் பற்றிப் பிற ஊர்கள் பேசின. தன்னைப் பற்றிய செய்தியையும் வேற்றூர் நிலையங்களின் வாயிலாகவே பாலிங் கேட்டது.

பெட்டி கைக்கு வந்த காலம்

1950-களின் நடுவில் தோன்றிய டிரான்சிஸ்டர் பெட்டி பெரிய மாறுதலை விளைத்தது. சிறு மின்கலங்களில் இயங்கும் பெட்டி மின்சாரம் இல்லாத லயத்துக்கும் ஏற்றதாயிற்று. பொதுவிடத்திற் கூடிக் கேட்ட நிலை மாறி, வீட்டுத் திண்ணையிற் கேட்கும் நிலை வந்தது. ரேடியோ மலாயாவுடன், சிற்றலையில் இலங்கை வானொலியும், 1941-இல் பி.பி.சி. தொடங்கிய தமிழ் ஒலிபரப்பும், அனைத்திந்திய வானொலியின் வெளிநாட்டு ஒலிபரப்பும் கடல் கடந்த தமிழர் செவிக்கு எட்டின. ஒலிபரப்பு ஒரு தனிக்கலை என்னும் உணர்வும் தமிழில் வேரூன்றியது. இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் அதனை ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலாகவே எழுதினார்.

கெடா வட்டாரம் இக்கலைக்கு ஆள் தரவும் செய்தது. 1940-இல் பீடோங்கிற் பிறந்த ரெ. கார்த்திகேசு மலேசிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றினார். பின்னர்ப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவலியல் பேராசிரியராக விளங்கினார். சிறுகதை, நாவல், திறனாய்வு ஆகியவற்றால் மலேசியத் தமிழிலக்கியத்துக்கு வளம் சேர்த்து, 2016-இல் மறைந்தார். சிற்றூரிற் பிறந்த குரல் நாடு முழுதும் ஒலிக்கத் தலைநகருக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது.

பண்பலை என்பது யாது?

வானொலியின் பழைய முறையில் அலையின் உயரம் கூடியும் குறைந்தும் ஒலியைச் சுமந்து செல்லும். இடியும் மின்னலும் அலையின் உயரத்தையே தாக்குமாதலால், மழைக்காலத்திற் கரகரப்பு மிகும். இடிமழைக்குப் பேர்போன மலாயாவில் இக்குறை பெரிதாயிற்று. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்டிராங் 1930-களில் வேறொரு முறையைக் கண்டார். அலையின் உயரத்தை மாற்றாது, அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றுவது அம்முறை. இதனைத் தமிழில் பண்பலை என்கிறோம்.

இச்சொல்லைப் பண் என்பதோடு இணைத்து இசையலை எனப் பொருள் கொள்வாரும் உளர். பண், அலை என்னும் இரண்டும் புணரின், தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்துப் பண்ணலை என்றே வரும். எனவே பண்பு, அலை என்று பிரிப்பதே முறை. ஒலியின் பண்பை அலைமேல் ஏற்றுதல் பண்பேற்றம். அவ்வாறு ஏற்றப் பெற்ற அலை பண்பலை.

இவ்வலைக்கு ஓர் இயல்பு உண்டு. மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து செல்லும். சிற்றலை வானத்து மின்மண்டலத்திற் பட்டு மீண்டு கடல் கடக்கும். பண்பலையோ ஏறத்தாழக் கண்பார்வை போல நேர்கோட்டிற் செல்வது. ஆகவே உயர்ந்த இடமே அதற்கு ஏற்ற இடம். வட மாநிலங்களுக்கு அவ்விடமாக அமைந்தது, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. கடாரத்தை நாடிக் கடலில் வந்த பண்டை வணிகருக்குத் தொலைவிலிருந்தே கரைகாட்டிய மலை அது. அதன் அடிவாரத்திலேதான் பூசாங் பள்ளத்தாக்கின் தொல்பொருட் சின்னங்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் அதன் உச்சியில் அஞ்சற்கோபுரங்கள் எழுந்தன.

அவ்வுயரத்திலிருந்து புறப்படும் பண்பலை, தடையில்லாத வெளியில் 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு செல்லக்கூடும் என்பது கணக்கு. ஜெராயிலிருந்து பாலிங் நகர் ஏறத்தாழ 55 கிலோமீட்டரே. தொலைவால் இடர் இல்லை. இடையிலும் சூழவும் நிற்கும் குன்றுகளே இடர். மேட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம், குன்றின் மறைவிலுள்ள பள்ளத்திற் குழறும்; ஒரே தோட்டத்தின் இரு கோடிகளில் இரு வேறு நிலை நேரலாம். இதற்குரிய மருத்துவம், அவ்விடத்துக்கென ஒரு சிறு கோபுரம் அமைத்தலே.

சிற்றூருக்குரிய அலை, தலைநகரின் குரல்

மேற்கூறிய இயல்பினால் ஓர் உண்மை பெறப்படும். குறைந்த ஆற்றல், சிறு கோபுரம், தெளிவான ஒலி, சுருங்கிய எல்லை ஆகிய நான்கும் சிற்றூர் நிலையத்துக்கே உரிய இலக்கணங்கள். இயற்கையிற் பண்பலை சிற்றூரின் அலை.

ஆனால் வரலாறு வேறு வழியிற் சென்றது. அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவு கோலாலம்பூரிலிருந்து நாடெங்கும் ஒலித்தது. சிவப்பு ஒலியலை என்றும், பின்னர் வானொலி ஆறு என்றும் வழங்கிய அது, 2005-ஆம் ஆண்டில் ‘மின்னல்’ பண்பலை என்னும் பெயர் பெற்றது. 1994-இல் ‘டைம் ஹைவே ரேடியோ’ தொடங்கப்பட்டது. அது பின்னர் அஸ்ட்ரோ நிறுவனத்தின் கைக்கு வந்து, அதன்வழித் தனியார் துறையின் ‘ராகா’ வளர்ந்தது. இவை தமிழுக்குச் செய்த தொண்டு மறுக்கவொண்ணாதது. ஒரு நாள் முழுவதும் தமிழ் கேட்கும் வாய்ப்பை எய்திய புலம்பெயர் சமுதாயங்கள் சிலவே. எனினும் கோபுரங்கள் பல ஊர்களில் எழுந்தபோதும் அவற்றில் ஏறிய குரல் தலைநகரின் குரலே. தொலைபேசி வந்தபின் நேயர் பாட்டு விரும்பிக் கேட்கலாம், வாழ்த்துக் கூறலாம். தம் ஊரின் தண்ணீர்க் குழாயைப் பற்றியும், பள்ளிப் பேருந்தைப் பற்றியும், அன்றைய கட்டிப்பால் விலையைப் பற்றியும் நாடு முழுதும் கேட்கும் நிலையத்தில் எவ்வளவு நேரம் பேச இயலும்? இது நிலையத்தாரின் குற்றமன்று; அளவின் இயல்பு. கெடாவின் பள்ளத்துக்கு இன்றியமையாத செய்தி ஜொகூர்க்காரருக்குச் சலிப்பாகவே தோன்றும்.

வினவக் கற்ற சிற்றூர்கள்

சிற்றூர் நிலையம் எத்தகைய பணி செய்யக்கூடும் என்பதற்குத் தமிழர் வாழும் நாடுகளில் எடுத்துக்காட்டுகள் உண்டு. இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொத்மலையில், 1989-இல் சமுதாய வானொலி ஒன்று தொடங்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தால் இடம் பெயர்ந்த குடும்பங்களை முதன்மையாகக் கருதி எழுந்தது அது. 1990-களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் அங்கு ஒரு புதுமுறை கையாளப்பட்டது. நேயர் தம் வினாக்களை அனுப்புவர். நிகழ்ச்சி நடத்துபவர் இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் அதை வானொலியிற் சொல்வர். கணினியைக் கண்டிராத உழவனும் உலக நூலகத்தை வினவ இயன்றது. இங்கே கேட்டலும் வினவலும் ஒரே நிகழ்ச்சியிற் கூடின.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் சமூக அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்த உரிமை வழங்கப்பட்டது. முதலில் எழுந்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம்; 2004 பிப்பிரவரி முதல் நாள் அது தொடங்கியது. அந்நாட்டு விதிப்படி இத்தகைய நிலையத்தின் கதிர்வீச்சு ஆற்றல் பொதுவாக 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேற்படாது. வீட்டு மின்விளக்குகள் சிலவற்றின் ஆற்றலே ஓரூரின் குரலுக்குப் போதுமானதாகிறது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் பாம்பனில் மீனவருக்கெனத் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ இவ்வகையைச் சேர்ந்தது. காற்றின் போக்கும் அலையின் உயரமும் மீனவனுக்கு உயிர்ச் செய்தி. அதைத் தன் ஊரான் தன் பேச்சிற் சொல்லக் கேட்பது அவனுக்குப் பெருந்துணை.

செய்யத்தக்கது

கெடாத் தோட்டங்களின் இன்றைய நிலை முன்போலன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை வந்தது, லயங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஒலிபெருக்கியைச் சுற்றிக் கூடியமர்ந்த கூட்டம் கலைந்து, தனித்தனிக் கைப்பேசிகளில் தனித்தனியே கேட்கும் காலம் வந்துவிட்டது. ஆதலால் சிற்றூர் வானொலிக்கு இனி வேலை இல்லை என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஊர் சிதறியபோதுதான் ஊரை ஒன்றாக எண்ணச் செய்யும் குரல் மிகுதியும் வேண்டப்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் மாணவர் தொகை குறைந்துவரும் ஊர்களில், அப்பள்ளியின் பேச்சும் பாட்டும் அவ்வூர் முதியோரின் நினைவும் ஒலியாகப் பதியப்படாவிடின், ஒரு தலைமுறையின் வாழ்வு எழுத்திலும் இன்றி ஒலியிலும் இன்றி மறையும்.

இதற்குப் பொருள் யார் தருவார் என்னும் வினா எழும். பினாங்குக் கழகம் ஒரு விடை. கெடாவின் தோட்டத் தொழிலாளர் மற்றொரு விடை. 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, நாட்கூலித் தொழிலாளர் தம் சிறு வருவாயிலிருந்து பணம் சேர்த்துப் பங்கு வாங்கினர். 1961-இல் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். நிலத்தையே கூட்டாக வாங்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு, ஒரு சிறு ஒலிப்பதிவு அறையை நடத்துதல் ஆற்றலுக்கு மீறியதன்று. காற்றலை உரிமம் அரசின் கையில் உள்ளது. அது கிட்டும்வரை இணையவழி ஒலிபரப்புக்கு இடம் உண்டு. வேண்டுவன ஒலிவாங்கி ஒன்றும், ஊரை அறிந்த ஆசிரியர் ஒருவரும், பேசத் துணிந்த மாணவர் சிலருமே.

கெடாத் தமிழர் முக்கால் நூற்றாண்டுக் காலம் வானொலியைக் கேட்டு வந்துள்ளனர். அதனால் அவர்கள் பெற்ற கேள்விச் செல்வம் பெரிது. அச்சொல்லின் மற்றொரு பொருளாகிய வினவலை அவர்களுக்கு உரியதாக்குவது, அவ்வூர்களின் பள்ளிகளிலும் மன்றங்களிலும் உள்ள தமிழாசிரியர் முன்னின்று செய்யத்தக்க பணியாகும்.